பத்தாம் வாய்க்கால் போர்வைக்காரி

செப்டம்பர் 5, 1954. ஞாயிறு

கிளிநொச்சி ஸ்ரேசனில் இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "உந்த மூட்டையில என்ன, இவ்வளவு பாரம்?" என்பது.

துணி என்றேன்.

"உடுப்போ?"

இல்லை, துண்டுத் துணி என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. மூட்டையை வண்டியில் ஏற்றிவிட்டு, வழி முழுக்க மாடுகளோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தார்.

கலியாணம் நடந்து மூன்று நாள். அவர் பெயர் அம்பலவாணர். வாயால் சொல்லக் கூடாது. எழுதலாம் என்று நினைக்கிறேன். காடு வெட்டிக் கமம் செய்ய அரசாங்கம் காணி கொடுத்தபோது முதல் ஆட்களாக வந்தவர்களில் ஒருவர். முதல் மனைவி சரஸ்வதி போன மாரியில் இங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். இரண்டு பெண் பிள்ளைகள். கனகத்துக்குப் பத்து வயது, பூமணிக்கு நாலு.

எனக்கு முப்பத்தொன்று. பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்துக்கொண்டு அண்ணா வீட்டில் இருந்தேன். இனி ஒருவரும் கேட்டு வரமாட்டார்கள் என்று மச்சாள் என் அலுமாரியில் தன் சேலைகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்.

இந்த இடத்துக்குப் பெயர் இல்லை. வாய்க்கால் இலக்கம்தான் பெயர். நாங்கள் பத்தாம் வாய்க்கால். மண் சுவர், இலுக்குப் புல் கூரை, இரண்டு அறை, பின்னால் சமைக்க ஒரு குசினி. வேலிக்கு அப்பால் காடு.

பூமணி என் மூட்டையில் ஏறி இருந்தாள். கனகம் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். நான் பெயர் கேட்டேன். தெரிந்த பெயரைத்தான் கேட்கிறேன் என்று அவளுக்கும் தெரியும்.

செப்டம்பர் 8

கிணறு இன்னும் கட்டி முடியவில்லை. வாய்க்காலில் தண்ணீர் அள்ளிச் சேலையால் வடித்துக் கொதிக்கவைக்க வேண்டும். கை தோல் உரிந்துவிட்டது.

செப்டம்பர் 14

ஆவணி முடியப்போகிறது, ஆனாலும் விடியப்புறம் குளிர்கிறது. குளத்துப் பக்கத்துக் காற்று. பிள்ளைகள் ஒரே சாக்கில் சுருண்டு கிடக்கிறார்கள். மூட்டையை அவிழ்த்தேன்.

இந்தத் தையல் எனக்கு மிஷன் பள்ளிக்கூட போர்டிங்கில் அமெரிக்க மிஸ் பழக்கியது. அவருடைய அமெரிக்காவில் ஒரு காலம் சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போய்க் குடியேறினார்களாம். கடை கிடையாது, அயல் கிடையாது. அந்தப் பெண்கள் கிழிந்த துணி ஒன்றையும் எறிய மாட்டார்களாம். சதுரமாக, முக்கோணமாக வெட்டிப் பொருத்தி, நடுவே பழந்துணி வைத்து, கீழே ஒரு துணி வைத்து, மூன்றையும் சின்னத் தையலால் ஓட்டிப் போர்வையாக்குவார்களாம். யாழ்ப்பாணத்து வெயிலில் இருந்துகொண்டு நாங்கள் எதற்கு இதைப் படிக்கிறோம் என்று அப்போது சிரித்தோம்.

தையற்காரரிடம் கேட்டு வாங்கி வந்த வெட்டுத் துண்டுகள் மேலுக்கு. நடுவே வைக்க வீட்டுக்காரர் கட்டிக் கிழிந்த பழைய சாறம். கீழுக்குக் கோதுமை மாச் சாக்கைத் தோய்த்து வெளுக்கப் போட்டிருக்கிறேன்.

அவர் வந்து பார்த்தார். "இதுவோ அந்தப் பாரம்?" என்றார். ஓம் என்றேன்.

செப்டம்பர் 20

நேற்று ஓட்டிய இரண்டு வரிசைத் தையலும் பிரிந்து கிடந்தது. நூல் அறவில்லை. யாரோ ஊசி நுனியால் பிரித்திருக்கிறார்கள். கனகம் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்காமல் திரும்பவும் தைத்தேன்.

செப்டம்பர் 21

திரும்பவும்.

செப்டம்பர் 22

திரும்பவும். நானும் திரும்பவும்.

அக்டோபர் 2

அடுத்த காணி அன்னப்பிள்ளை அக்கா வந்தார். வயிற்றில் நாலாவது பிள்ளை, தையில் பிறக்குமாம். போர்வையை விரித்துப் பார்த்து, "எடி பிள்ளை, கந்தலை வைச்சுக் கோலம் போட்டிருக்கிறாய்" என்றார். தனக்கும் ஒன்று வேண்டுமாம். அவருடைய மனிசன் அதற்குப் பதிலாக எங்கள் வேலியில் விழுந்த பக்கத்தை அடைத்துத் தருவாராம்.

சரஸ்வதியைப் பற்றி அவரிடம்தான் கேட்க முடிந்தது. மாரி, வாய்க்கால் மேவிப் பாய்ந்தது, வண்டி போகாது. தண்ணீர் வடியட்டும் என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். தண்ணீர் வடிந்த அன்று விடிய சரஸ்வதி இல்லை.

"அதுக்குப் பிறகுதான் அந்த மனிசன் வாய் திறக்கிறேல்லை. முந்தி அப்படியில்லை, பிள்ளை. கூத்துப் பாட்டெல்லாம் பாடிக்கொண்டு உழுவார்."

அவர் பாடுவார் என்று நினைத்துப் பார்க்க முயன்றேன். எந்தக் குரலில் என்று தெரியவில்லை.

அக்டோபர் 9

விதைப்பு. எல்லோரும் வயலில். மத்தியானச் சாப்பாடு கடகத்தில் சுமந்து போனேன். அவர் சேற்றுக் கையோடு வரம்பில் இருந்து சாப்பிட்டார். "உப்பு கூடிப்போச்சோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றார். கொஞ்சம் கழித்து, "வெயிலுக்க நடந்து வர வேண்டாம். கனகத்திட்டக் குடுத்துவிடும்" என்றார்.

இரண்டு வசனம் ஒரே நேரத்தில். நாளைக்கும் நான்தான் கொண்டுபோவேன்.

அக்டோபர் 13

கனகம் தானாக வந்து பக்கத்தில் இருந்தாள். ஊசியில் நூல் கோத்துத் தந்தாள். நான் அவளைப் பார்க்காமல் தைத்துக்கொண்டே இருந்தேன். பார்த்தால் எழுந்து போய்விடுவாள்.

கொஞ்ச நேரம் போய், "தையலை நான்தான் பிரிச்சனான்" என்றாள்.

"தெரியும்."

"கோபத்தில இல்லை. எப்படித் தைக்கிறனீங்கள் எண்டு பாக்கத்தான்."

"இப்ப விளங்கிட்டுதோ?"

"பாதி." பிறகு சொன்னாள், "முதல் நாள் மட்டும் கோபத்தில."

அவளிடம் மற்ற ஊசியைக் கொடுத்தேன். கை நல்ல கை. ஆனால் அவசரம். என்னை இன்னும் அவள் எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. பூமணி சின்னம்மா என்கிறாள். கனகம் நேரே வந்து முன்னால் நின்று பேசுகிறாள், கூப்பிட வேண்டிய தேவை வராமல்.

அக்டோபர் 25

தீபாவளி. அவர் கிளிநொச்சிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சட்டைத் துணியும் எனக்கு ஒரு சீத்தைச் சேலையும் வாங்கி வந்தார். என் கையில் தரவில்லை. பாயில் வைத்துவிட்டுப் போனார். நீலத்தில் சின்ன வெள்ளைப் பூ. கட்டிக்கொண்டு குசினியில் நின்றேன். புகையில் பாழாகும் என்று கழற்றி வைத்தேன். பிறகு திரும்பவும் கட்டினேன்.

நவம்பர் 3

காலையில் சமைக்க முடியவில்லை. எண்ணெய் மணம் பிடிக்கவில்லை. அன்னப்பிள்ளை அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் மாங்காய் ஊறுகாய் கொண்டுவந்து தந்தார்.

நவம்பர் 7

சின்னப் போர்வை ஒன்று தொடங்கியிருக்கிறேன். அன்னப்பிள்ளை அக்காவின் பிள்ளைக்கு.

நவம்பர் 15

இரண்டாவது சின்னப் போர்வையும் தொடங்கிவிட்டேன். கனகம், "அன்னப்பிள்ளை மாமிக்கு இரட்டைப் பிள்ளையோ?" என்று கேட்டாள். துண்டு மிச்சம் இருக்கிறது, வீணாகக் கூடாது என்றேன். நீலச் சேலையின் முந்தானையில் ஓரத் துணி கொஞ்சம் வெட்டி நடுச் சதுரத்துக்கு வைத்தேன்.

அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மழையில் பயிர் மூழ்கிவிடும் என்று ஓடித் திரிகிறார். களை எடுத்து முடியட்டும்.

நவம்பர் 19

மழை. சொல்லவில்லை.

நவம்பர் 24

மழை விடவில்லை. பூமணிக்கு மேல் காய்ச்சலாய்ச் சுடுகிறது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன்.

நவம்பர் 30

இப்போதுதான் இருந்து எழுத முடிகிறது.

இருபத்தாறாம் திகதி காலையில் பூமணிக்குக் கண் மேலே சொருகிவிட்டது. வாய்க்கால் ரோட்டை மேவிப் பாய்ந்தது. அவர் மாட்டைப் பூட்டினார், அவிழ்த்தார், திரும்பப் பூட்டினார். மாடு தண்ணீருக்குள் இறங்கவில்லை. அவர் நுகத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது.

"கொஞ்சம் வடியட்டும்" என்றார்.

கனகம் என் பின்னால் நின்று என் சேலையைப் பிடித்தாள். பிடித்த பிடியில் சேலை இறுகியது. அவளுக்கு அந்த வசனம் நினைவிருக்கிறது.

"வடியாது" என்றேன். "நான் தூக்கிக்கொண்டு போறன்."

"உமக்கு விசரோ? இழுத்துக்கொண்டு போயிடும்."

"அப்ப நீங்கள் தூக்குங்கோ. நான் பிடிச்சுக்கொண்டு வாறன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பூமணியைப் போர்வையோடு சுற்றித் தோளில் கட்டினார். அன்னப்பிள்ளை அக்காவின் மனிசன் முன்னால் கயிற்றோடு போனார். கனகத்தை அக்காவிடம் விட்டோம். தண்ணீர் இடுப்புக்கு மேல். மதகடியில் எனக்குக் கால் வழுக்கியது. இடுப்பு கல்லில் அடிபட்டது. கயிற்றை விடவில்லை. பிள்ளையின் கால் ஒன்று போர்வைக்கு வெளியே தொங்கியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டேதான் வந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் பூமணி பால்கஞ்சி கேட்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்தார்.

டிசம்பர் 6

எனக்கும் காய்ச்சல். படுத்திருக்கிறேன். அன்னப்பிள்ளை அக்கா தன் வயிற்றோடு நாளுக்கு இரண்டு தரம் வந்து போகிறார். என் துணிகளை அவர்தான் தோய்க்கிறார்.

டிசம்பர் 7

காய்ச்சல்.

டிசம்பர் 12

எழுந்து நடக்கிறேன். பயிர் நன்றாக நிற்கிறதாம். இந்தக் கிழமை முழுக்க அவர் வயலுக்குப் போகாமல் வீட்டு வளவிலேயே நிற்கிறார். அடைத்த வேலியைத் திரும்ப அடைக்கிறார். கேட்டால் பன்றி வருகிறது என்கிறார்.

டிசம்பர் 15

சின்னப் போர்வைகள் இரண்டையும் அன்னப்பிள்ளை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எனக்கு ஒண்டு காணும், தங்கச்சி" என்றார்.

"ரெண்டையும் வைச்சிருங்கோ."

அவர் அழத் தொடங்கினார். பிள்ளைத்தாய்ச்சி அழக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் வரம்பில் கொஞ்ச நேரம் இருந்தேன். கொக்குகள் நிறைய.

டிசம்பர் 27

பத்தாம் வாய்க்காலில் எல்லோருக்கும் இப்போது போர்வை வேண்டும். ஐந்து பெண்கள் பழந்துணியோடு வந்து முற்றத்தில் இருந்து தைக்கிறார்கள். நான் வெட்டிப் பொருத்திக் கொடுக்கிறேன். கனகம் பெரியவர்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். வளைந்து போனால் பிரிக்கச் சொல்கிறாள். ஒருத்தி, "போர்வைக்காரியின்ர மகளுக்கு வாயைப் பாரன்" என்றாள். கனகம் இல்லை என்று சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

1955

ஜனவரி 14, வெள்ளி

பொங்கல். பொங்கிப் படைத்து முடிய, பத்து மணிபோல் ஒரு வாடகைக் கார் வந்தது. சரஸ்வதியின் தமக்கை விசாலாட்சி அக்கா, யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்து. பூமணிக்குக் காய்ச்சல் வருத்தம் வந்த கதை இப்போதுதான் அவர் காதுக்குப் போயிருக்கிறது.

செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அம்பலவாணர், என்ர தங்கச்சியை இந்தக் காட்டுக்குத் தந்தனான். பிள்ளையளையும் தர ஏலாது" என்றார்.

இவர் நிலத்தைப் பார்த்தபடி நின்றார்.

"கனகத்துக்கு இஞ்ச என்ன பள்ளிக்கூடம்? கொட்டிலுக்க இருந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். அடுத்த மழைக்கு ஆரைக் குடுக்கப் போறியள்?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் தோள் இறங்கியதைக் கண்டேன். "கூட்டிக்கொண்டு போங்கோ மச்சாள்" என்றார்.

விசாலாட்சி அக்கா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. "நீர் என்ன சொல்லுறீர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கனகமும். எனக்கு என்ன உரிமை? வந்து நாலு மாதம்.

"நான் என்னத்தைச் சொல்ல, அக்கா" என்றேன்.

பிறகு அக்கா சரஸ்வதியின் பெட்டியையும் திறந்தார். தன் அம்மா கொடுத்த சேலைகள், காட்டில் பூச்சி அரிக்க விடமாட்டேன் என்றார். ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக் காரில் வைத்தார். நான் வந்த நாள் முதல் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை. வெறும் பெட்டியின் மூடியை இவர் கொஞ்ச நேரம் திறந்து வைத்துக்கொண்டே நின்றார்.

பூமணி கார் என்றதும் சந்தோஷமாக ஏறினாள். நான் ஏறவில்லை என்று தெரிந்ததும் அழுதாள். பெரிய போர்வையை மடித்து அவள் மடியில் வைத்தேன். கனகம் மற்றப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். கார் திரும்பிப் போகும்வரை திரும்பவில்லை.

பொங்கல் மிச்சம். கோழிக்குப் போட்டேன்.

ஜனவரி 15

நாலு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

ஜனவரி 22

அன்னப்பிள்ளை அக்காவுக்கு ஆண் பிள்ளை. நீலத் துண்டு வைத்த போர்வையில் சுற்றியிருந்தார்கள். வடிவாக இருந்தது.

பெப்ரவரி 10

யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் ரயிலின் சத்தம் காற்றுத் திசை சரியென்றால் இங்கே கேட்கும். முன்பு கவனித்ததே இல்லை. இப்போது அந்த நேரத்தில் ஏதாவது ஒரு வேலையாக முற்றத்தில் நிற்கிறேன். அவரும் நிற்கிறார்.

பெப்ரவரி 26

அறுவடை. நல்ல விளைச்சல் என்கிறார்கள். அரிவி வெட்டுகிற ஆட்களுக்குச் சமைத்து முதுகு நிமிரவில்லை. அது நல்லது.

மார்ச் 20

போர்வை ஒன்று கேட்டு எட்டாம் வாய்க்காலில் இருந்து ஒரு புதுக் கலியாணக்காரி வந்தாள். துணியை வெட்டி வைத்துவிட்டு, ஊசியில் நூல் கோக்கக் கையை நீட்டினேன். ஒருவரும் வாங்கவில்லை. நானே கோத்தேன்.

ஏப்ரல் 14

புதுவருஷம். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று முறுக்குச் சுட்டு வைத்திருந்தேன். கொக்குவில் பக்கம் அம்மாள் வருத்தம் பரவி வீட்டுக்கு வீடு அம்மை போட்டிருக்கிறதாம், வெயிலும் கடுமையாம், அனுப்பவில்லை என்று ஆளிடம் சொல்லிவிட்டார்கள். அவர் வெறும் வண்டியோடு ஸ்ரேசனில் இருந்து திரும்பினார். மாடுகளை அவிழ்த்து, தேய்த்து, வைக்கோல் போட்டு, எல்லாம் வழக்கத்தைவிட மெதுவாகச் செய்தார்.

"நல்லா இருந்தாச் சரி" என்றார்.

சரி என்றேன்.

ஏப்ரல் 29

இன்று சாப்பிடும்போது சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை நான் கொக்குவிலுக்குப் போறன்."

"ஏன்?"

"பிள்ளையளைப் பாக்க."

"பாத்து?"

"தெரியேல்லை."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "மச்சாள் சொல்லுறதும் நியாயம்தான்" என்றார். ஆனால் என்னைப் போக வேண்டாம் என்று தடுக்கவில்லை.

மே 2, திங்கள்

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

ரயிலில் நான் தனியே ஏறியது இதுதான் முதல் தடவை. ஆனையிறவில் உப்புப் பாத்திகள் வெயிலில் கண்ணைக் குத்தின. வழி முழுக்க, பார்த்துவிட்டு வந்துவிடுவேன், வேறு ஒன்றும் பேசமாட்டேன் என்று எனக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

கல்வீடு. பூச்சாடிகள். பூமணி எண்ணெய் வைத்து வாரிப் பொட்டு வைத்து நின்றாள். என்னைக் கண்டதும் தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். விசாலாட்சி அக்கா கோப்பி தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பூமணி தூணைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு வந்து என் மடியில் ஏறி இருந்து, என் சேலையில் முகத்தை வைத்து மணந்தாள். இறங்கவே இல்லை.

"உவள் பகல்ல நல்லாத்தான் இருக்கிறாள்" என்றார் அக்கா. "படுக்கப் போனாத்தான் அழுகை. அந்தப் போர்வையைத் தோய்க்கவும் விடுறாளில்லை." மெலிந்து போயிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "முகம் அப்படியே சரசுதான். பாக்கவும் ஏலாமக் கிடக்கு, பாக்காம இருக்கவும் ஏலாமக் கிடக்கு. உமக்கு எப்படிச் சொல்லுறது."

அந்த நிமிஷம்வரை அவரைப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டவராக மட்டும்தான் நினைத்திருந்தேன். அவருக்கு இருந்தது ஒரே தங்கை.

அப்படியிருந்தும் என் வாய் திறந்தது. "அக்கா, நான் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்."

"ஆர் சொல்லி?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"மழை வந்தா?"

"மழை வந்தாத் தூக்கிக்கொண்டு போவம். ஒருக்காப் போனனாங்கள்."

அவர் கோப்பிக் கோப்பையை எடுத்தார். உள்ளே போனார். சட்டைகளை மடிக்கிற சத்தம் கேட்டது.

கனகம் அதுவரை அறைவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உயர்ந்துவிட்டாள். வந்து என் முன்னால் நின்றாள், பழையபடி.

"பொங்கலண்டைக்கு நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள்.

"ஓம்."

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"எனக்குச் சொல்லலாமோ எண்டு தெரியேல்லை, கனகம்."

"இப்ப மட்டும் எப்படித் தெரியும்?"

"இப்பவும் தெரியாது. தெரியாமத்தான் சொன்னனான்."

அதற்கு அவள் சிரிப்பதுபோல் ஆகிப் பிறகு அழுதுவிட்டாள். அவளைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் தொட்டேன். தோள் எலும்பு கையில் குத்தியது.

அழுகை நின்றதும் சொன்னாள், தான் வரவில்லையாம். கணக்கில் வகுப்பில் முதலாவதாம். அடுத்த வருஷம் இங்கிலிஷ் தொடங்குமாம். வாய்க்கால் பள்ளிக்கூடத்தில் அது ஒன்றும் இல்லை. "பெரியம்மாவும் தனிய" என்றாள். பத்து வயதுப் பிள்ளை இவ்வளவையும் யோசித்து வைத்திருந்தாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் வருவாள் என்று எனக்குத் தெரிந்தது, அதனால்தான் வற்புறுத்தவில்லை.

கொக்குவில் ஸ்ரேசனுக்கு எல்லோரும் வந்தார்கள். பூமணி போர்வையை ஒருவரிடமும் கொடுக்காமல் தானே சுமந்தாள். ரயில் வர, கனகம் என்னிடம் கடகடவென்று சொல்லத் தொடங்கினாள்: பூமணிக்கு மீனில் முள் பார்த்துக் கொடுக்க வேண்டும், அவள் பொய்யாகத்தான் வயிற்றுக்குத்து என்பாள், ஓகஸ்ட் விடுமுறைக்குத் தன்னைக் கூட்டிப்போக நான்தான் வர வேண்டும், ஆள் அனுப்பக் கூடாது.

ரயில் அசைந்ததும் ஜன்னலோடு கூட நடந்து வந்தாள். "அம்மா, ஐயா கதைக்காட்டி நீங்களும் கதைக்காம இருந்திடாதேங்கோ. அவர் அப்படித்தான். நீங்கள் கதையுங்கோ."

அம்மா என்று சொன்னது அவளுக்குத் தெரிந்ததோ தெரியாது. நடந்து வந்தவள் பிளாட்பாரம் முடிகிற இடத்தில் நின்றுவிட்டாள். ஆனையிறவு வரும்வரை நான் எதையும் பார்க்கவில்லை.

கிளிநொச்சியில் அவர் வண்டியோடு நின்றார். பூமணியைக் கண்டு ஓரடி முன்னால் வந்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"கனகம்?"

"படிக்கட்டும். ஓகஸ்டுக்கு வருவாள்."

தலையாட்டினார். பூமணியைத் தூக்கி வண்டியில் இருத்தினார். அவள் கொஞ்சத் தூரத்திலேயே என் மடியில் நித்திரையாகிவிட்டாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. வயல்கள் எல்லாம் அறுவடை முடிந்த வெறும் ஒட்டுத்தாள். ரோட்டில் வேறு ஒருவரும் இல்லை.

"ஏதும் சொன்னவளோ?" என்று அவர் கேட்டார், மாட்டைப் பார்த்தபடி.

"சொன்னவள். நீங்கள் கதைக்காட்டி நான் கதைக்க வேணுமாம்."

அவர் கயிற்றை இழுத்துவிட்டார். மாடுகள் நின்றன. முதுகு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

"அப்ப கதையுமன்" என்றார்.

விளைச்சலைப் பற்றியோ விசாலாட்சி அக்காவைப் பற்றியோ சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "கார்த்திகையில எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை" என்றேன்.

இந்தப் புத்தகத்தில்கூட நான் அதைக் காய்ச்சல் என்றுதான் எழுதியிருக்கிறேன். இரண்டாவது சின்னப் போர்வையை எந்தப் பிள்ளைக்குத் தைத்தேன் என்றும் எழுதவில்லை.

அவர் திரும்பவில்லை. "தெரியும். அன்னப்பிள்ளை சொன்னவ. நீர் சொல்லுவீர் எண்டு அந்தக் கிழமை முழுக்க வளவுக்க சுத்திக்கொண்டு நிண்டனான். கேக்கப் பயமாக் கிடந்தது."

"என்ன பயம்?"

"என்னாலதான் எண்டு சொல்லுவீர் எண்டு. நான் மாட்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு நேரத்தைப் போக்கினதாலதான் தண்ணி ஏறினது. சரசுவுக்கும் அப்படித்தான்."

"உங்களால இல்லை" என்றேன்.

"உம்மாலயும் இல்லை" என்றார். நான் அதைக் கேட்கவே இல்லை. அந்த ஐந்து மாதமும் நான் கேட்க நினைத்தது அது ஒன்றுதான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் இறங்கி வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார். பூமணியின் காலில் இருந்து விலகிய போர்வையை இழுத்துவிட்டார். பிறகு என் கையின் மேல் தன் கையை வைத்தார். கையில் கயிற்றின் சூடு இருந்தது. மாடுகள் பொறுமை இழந்து அசையும்வரை அப்படியே நின்றோம்.

பூமணி கண் விழித்து, "வீடு வந்திட்டுதோ?" என்றாள்.

"இன்னும் கொஞ்சத் தூரம்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

மே 8

கிணற்றுக்குக் கல் வந்து இறங்கியிருக்கிறது. பூமணிக்கு இன்று பொய் வயிற்றுக்குத்து.

வழக்கமாகக் கனகம் பாய் விரிக்கிற இடத்தில் பூமணி ஒருவரையும் இருக்க விடுவதில்லை. நெல் மூட்டையைக்கூட அங்கே வைக்க விடவில்லை. அவரும் நானும் அந்த இடத்தைச் சுற்றித்தான் நடக்கிறோம்.